சைர் ஏன் அழிந்தது?

குழு: ஞாயிறு பகடை (வீட்டு ஆட்கள் மட்டும்)

அக்கா: ஞாயிறு மாலை 4 மணிக்கு ஆரம்பிக்கலாம். இந்த முறை எபெரான், நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பாத்திர விளையாட்டுக்கான ஒரு கற்பனை உலகம். யாருக்கு என்ன பாத்திரம் என்று வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள்.

சித்தப்பா: நீ கொடுத்த புத்தகத்தைப் புரட்டினேன் கண்ணு. 5 நாடு, 13 குலம், எத்தனையோ கடவுள். எல்லாம் படித்துவிட்டா வர வேண்டும்?

அக்கா: வேண்டாம் சித்தப்பா. ஒரு போர் தெரிந்தால் போதும். காலிஃபர் என்று ஒரே ராஜ்ஜியம். அந்த உலகக் கணக்கில் 894-ஆம் ஆண்டு ராஜா இறந்தார். மூத்த மகளுக்குத்தான் பட்டம். கூடப் பிறந்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 996 வரை சண்டை, ராஜ்ஜியம் அந்த 5 நாடாக உடைந்தது. நம் கதை 998-இல்.

அத்தை: 102 வருடமா! அப்படியென்றால் அமைதியைப் பார்த்த மனிதர் ஒருவர்கூட இருக்க மாட்டாரே.

அக்கா: அதேதான் அத்தை. எல்ஃப் என்ற கற்பனை இனத்துக்குத்தான் ஆயுள் அதிகம். நீங்கள் எல்ஃப் எடுத்தால், போருக்கு முந்தைய உலகம் எப்படி இருந்தது என்று எல்லாரும் உங்களிடம்தான் கேட்பார்கள்.

அத்தை: சரி, எடுத்துக்கொண்டேன்.

சித்தப்பா: எனக்கு அந்த இரும்பு ஆள்.

அக்கா: வார்ஃபோர்ஜ்டு. இரும்பு, கல், மரம் எல்லாம் கலந்த உடம்பு. சண்டை போடுவதற்கென்றே கேனித் குலம் செய்தது. 996 ஒப்பந்தம் வரும்வரை அவர்கள் உடைமை, அதற்கப்புறம்தான் சுதந்திரம். வயது 2-லிருந்து 30-க்குள் வையுங்கள்.

சித்தப்பா: அப்படியானால் முதல் சம்பளத்தில் என்ன வாங்குவான்? சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம். காலையிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா: அருமை சித்தப்பா! அதை அப்படியே எழுதி வையுங்கள்.

தம்பி: நான் அந்த 5 நாட்டில் ஒன்றான சைரிலிருந்து வந்த அகதி. ஆனால் அக்கா, சைர் ஏன் அழிந்தது? எவ்வளவு தேடியும் புத்தகத்தில் இல்லை.

அக்கா: இருக்காதுடா. 994-இல் ஒரே நாளில் நாடே போய்விட்டது. எல்லையைச் சுற்றிச் சாம்பல் நிற மூடுபனி. உள்ளே பிணம் அழுகாது, காயம் தானாக ஆறாது. காரணத்தை மட்டும் இந்த உலகத்தை உருவாக்கிய கீத் பேக்கர் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டார். 2002-இல் இந்த விளையாட்டை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் புது உலகத்துக்காக நடத்திய தேடலில் சுமார் 11,000 யோசனைகளில் அவருடைய உலகம்தான் தேர்வானது. அவ்வளவு பெரிய உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர் எழுதாமல் விட்ட இந்த ஓர் இடம். விளையாடுகிற ஒவ்வொரு குழுவும் தன் பதிலை வைத்துக்கொள்ளலாம்.

தம்பி: அதற்குப் பயந்துதான் போரை நிறுத்தினார்களா?

அக்கா: பெரும்பாலும். யார் செய்தது, மறுபடி நடக்குமா என்று எந்த ராஜாவுக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் அடுத்த போர் தொடங்கிவிடும். நானும் பதிலை இன்னும் முடிவு செய்யவில்லை. உன் ஆள் அன்றைக்கு எங்கே இருந்தான், யாரை உள்ளே விட்டு வந்தான், அதைச் சொல். அதிலிருந்து பிடிக்கிறேன்.

தம்பி: எல்லைக் காவலில் இருந்தான். தங்கை மட்டும் வீட்டில். மூடுபனி அவனுக்கு நாலடி தள்ளி வந்து நின்றது.

அத்தை: ஐயோ, அந்தப் பெண் இறந்துவிட்டாளா?

தம்பி: அவனுக்குத் தெரியாது அத்தை.

அக்கா: எனக்கும் தெரிய வேண்டாம், அப்படியே விடு. ஷார்ன் நகரத்தில் ஹை வால்ஸ் என்று சைர் அகதிகள் அடைந்து கிடக்கும் பகுதி உண்டு. அங்கே தொடங்குவோம்.

சித்தப்பா: என் ஆள் அதே எல்லையில், எதிர்ப் படையில் நின்றவனாக இருக்கலாமா கண்ணு?

அக்கா: தாராளமாக!

தம்பி: சித்தப்பா, அன்றைக்கு அவன் என்ன பார்த்தான்?

சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்.