இல்லஸ்ட்ரேஷன் ஷோவுக்கு ஃப்ரேம் பண்றவங்க வேணும், ஹெல்ப் ப்ளீஸ்

வணக்கம் மக்களே, நாங்க ஏழு பேர் சேர்ந்து சென்னையில ஒரு இல்லஸ்ட்ரேஷன் குரூப் ஷோ போடுறோம், பாதிப்பேர் ஐபேட்ல வரையுறவங்க, நான் இன்னும் வாட்டர்கலர்தான். போன தடவ ஃப்ரேம் கடையில படத்த நேரா கண்ணாடியோட ஒட்ட வச்சு குடுத்துட்டாங்க, நம்ம ஊரு ஈரக்காத்துக்கு பேப்பர் அலையலையா நெளிஞ்சு, நான் வரைஞ்ச கோயில் யானையோட காதோரக் கலர் கண்ணாடியிலயே ஒட்டிக்கிச்சு, இப்ப நெனச்சாலும் மனசு ஆறல. இந்த தடவ ஆசிட் ஃப்ரீ மவுண்ட் போர்டு (பேப்பர மஞ்சளாக்காத, படத்த சுத்தி வைக்குற அட்டை) வச்சு படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இடைவெளி விட்டு பண்ணணும். அப்புறம் ஏ3 சைஸ்ல காட்டன் பேப்பர் பிரிண்டும் வேணும், 300 டிபிஐ (இஞ்சுக்கு 300 புள்ளி) ஃபைல் ரெடியா இருக்கு.

ஓவியர்கள் சில்பி, கோபுலு வரைஞ்ச படங்கள விகடன்ல இருந்து வெட்டி பைண்ட் பண்ணி வச்ச ஊரு இது, செவுத்துல மாட்டுறப்போ ஒழுங்கா மாட்டணும்ல. பொறுமையா செய்யுறவங்க யாராச்சும் தெரிஞ்சா ரேட்டோட சொல்லுங்க.