ஏணியில் அம்மா எட்டு, மகன் நாலு

எம்.ஏ. முடித்துக் காட்பாடியில் சும்மா இருந்தபோது கணக்கெடுப்பு வேலைக்குப் போனேன். நாள் கூலிதான். படிவத்தின் கடைசியில் ஒரு ஏணிக் கேள்வி: அடியில் 0, உச்சியில் 10. இருப்பதிலேயே நல்ல வாழ்க்கை உச்சி என்றால் நீங்கள் எந்தப் படியில்? ஹாட்லி கேன்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965-இல் எழுதிவைத்த முறை. உலக மகிழ்ச்சி அறிக்கையும் இதைத்தான் நம்புகிறது. பேரணாம்பட்டில் கேட்டால், "இன்னா ஏணி, எங்க கீது?" என்பார்கள். சாக்பீஸால் சுவரில் வரைந்து காட்டுவேன்.

முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. பள்ளிக்கூடம் போனதே இல்லை. கையிலிருந்த கத்தரியாலேயே எட்டாவது படியைத் தொட்டார். கூரை ஒழுகுகிறது, கண்ணும் மங்கல், அப்புறம் எப்படி எட்டு?

"எம்புள்ள இஞ்சினீருப்பா. வேற இன்னா வேணும்?"

அந்த மகனும் வீட்டில்தான் இருந்தார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங். வாசலுக்கு வெளியே என்னைக் கூட்டிப்போய், "நாலு போட்டுக்கோங்கண்ணா" என்றார். "பத்தாவதோட நின்னவனும் அதே டேபிள்லதான் நிக்கிறான். அவன் ஏழுன்னுவான். எனக்குக் கல்விக் கடன் வேற."

ஒரே பட்டம்தான். அம்மாவை ஏற்றிவிட்டது, மகனை இறக்கிவிட்டது.

பிரிட்டன் தொழிலாளர்கள் சுமார் 5,000 பேரை வைத்து ஆண்ட்ரூ கிளார்க், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் என்ற பொருளாதார நிபுணர்கள் இருவரும் 1996-இல் எழுதிய கட்டுரையைப் பிறகு படித்தேன். சம்பளம் ஒன்றாக இருந்தால், அதிகம் படித்தவருக்கு வேலையில் திருப்தி குறைவு என்கிறார்கள். படிப்போடு எதிர்பார்ப்பும் ஏறிவிடுவதுதான் காரணமாம். சரி, அதற்காக 'படிக்காதவன்தான் நிம்மதி' என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்தப் பையனுக்குக் குறை படிப்பில் இல்லை, டேபிளில்.

---

உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சொன்ன பீடி அம்மா மாதிரிதான் என் சித்தியும். ஆனால் அறிவொளி வகுப்பில் எழுத்தும் கணக்கும் கற்றுக்கொண்டவர். அதுவரை நோட்டில் ஏஜெண்ட் எழுதுவதுதான் கணக்கு. கற்ற பிறகு ஒருநாள் எண்ணிப் பார்த்தார், நாலு கட்டு குறைத்து எழுதியிருந்தது. எல்லார் முன்னாலும் திருத்த வைத்தார். கூலி அதற்காக ஒன்றும் உயரவில்லை. எத்தனையாவது படி என்று நான் கேட்டதில்லை. தினமும் போகிற பஸ்தான், இருந்தாலும் போர்டை உரக்கப் படித்துவிட்டுத்தான் ஏறுவார்.