ஒருவர் வீட்டுப்பாடம் தருகிறார், இன்னொருவர் பேசாமல் கேட்கிறார்: தெரபிஸ்ட்டுகளின் முறை ஏன் இவ்வளவு மாறுகிறது?

மழைக்குருவி (கேள்வி)
ஒரே மாதிரி பதற்றத்தோடு போனாலும், ஒரு தெரபிஸ்ட் முதல் வாரமே தாளில் கட்டம் போட்டு எழுதிவரச் சொல்கிறார். இன்னொருவர் 50 நிமிடமும் கேட்டுவிட்டு "அடுத்த வாரம் தொடரலாம்" என்று முடிக்கிறார். இது படித்த முறையால் வரும் வேறுபாடா, அல்லது இரண்டாமவர் வேலையே செய்யவில்லையா? ஆரம்பத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏட்டுச்சுவடி
முதலாமவர் பெரும்பாலும் சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் ஆராய்ந்து மாற்றப் பழக்கும் சிகிச்சை) வழியில் வேலை செய்பவர். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் மனச்சோர்வுக்காக உருவாக்கிய முறை இது. செஷனுக்கென்று ஒரு வரிசை இருக்கும். இந்த வாரம் மனநிலை எப்படி, இன்று எதைப் பேசலாம், போன வார வீட்டுப்பாடம் என்ன ஆயிற்று என்று தொடங்கி, ஒன்றிரண்டு சிக்கல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, புது வீட்டுப்பாடத்தோடு முடிப்பார்கள். வழக்கமாக 12 முதல் 20 செஷன் வரை போகும்.

அந்தக் கட்டம் போட்ட தாள் எண்ணப் பதிவேடு. என்ன நடந்தது, என்ன உணர்ச்சி (0 முதல் 100 வரை எவ்வளவு), அந்த நொடியில் தோன்றிய எண்ணம், அதற்குச் சாதகமான ஆதாரம், எதிரான ஆதாரம், இரண்டையும் வைத்துப் பார்த்தால் கிடைக்கும் எண்ணம், கடைசியில் மறுபடி அதே உணர்ச்சிக்கு எண். 80 என்பது 55 ஆனாலே போதும். பூஜ்யம் வரவேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் பலர் கைவிடுகிறார்கள்.

பிசகுவது இரண்டு இடத்தில். ஒன்று, வாரம் முழுவதையும் செஷனுக்கு முந்தைய இரவு நினைவிலிருந்து எழுதுவது. எண்ணத்தின் அசல் சொற்கள் அதற்குள் மறைந்துவிடும். இன்னொன்று தெரபிஸ்ட் பக்கம்: எழுதி வந்ததைப் பிரித்தே பார்க்காமல் விடுவது. அப்படி விட்டால் எழுதுவது தானாக நின்றுவிடும். வக்கீல் மாதிரி வாதாடி "உங்கள் எண்ணம் தவறு" என்று நிரூபிப்பதும் சிபிடி ஆகாது. கேள்வி கேட்டு வருபவரையே கண்டுபிடிக்க வைப்பதுதான் முறை.

நீர்க்கோடு
இரண்டாமவரைச் சோம்பேறி என்று முடிவுகட்ட வேண்டாம். உளஇயக்க முறையில் (மனதின் அடியில் இருப்பதையும் பழைய உறவுகளின் தாக்கத்தையும் பேச்சின் வழி பார்ப்பது) மௌனமும் ஒரு கருவி. தலைப்பை அவர் கொடுத்துவிட்டால், வருபவர் தானாக எங்கே போகிறார், எதைத் தொட்டதும் பேச்சை மாற்றுகிறார் என்பது தெரியாமல் போகும். தெரபிஸ்ட்டிடமே வருகிற கோபமும், "இவர் என்னைச் சலித்துக்கொள்கிறார்" என்ற ஐயமும் இங்கே பேசுபொருள். பழைய உறவுகளின் சாயல் அதில் விழுகிறது என்பது அடிப்படைக் கருத்து. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் வழியில் வந்தவர்களும் அறிவுரை சொல்லமாட்டார்கள், ஆனால் காரணம் வேறு: நிபந்தனையில்லாத மதிப்பும், பாசாங்கில்லாத கவனமும், உள்ளே நின்று புரிந்துகொள்வதும் இருந்தால் ஆள் தானே நகர்வார் என்ற நம்பிக்கை.

உண்மையாகக் கேட்பவரும் வெறுமனே உட்கார்ந்திருப்பவரும் வெளியே ஒரே மாதிரி தெரிவார்கள். "இன்று நான் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையாகக் கேட்டவர் நீங்கள் சொன்னதைவிட ஒரு படி ஆழமாகத் திருப்பித் தருவார். வெறுமனே உட்கார்ந்திருந்தவரிடம் பொதுவான ஆறுதல்தான் வரும். அதோடு, கடுமையான பீதியில் இருப்பவரை நெடுநேர மௌனத்தில் விடுவது எந்த முறையிலும் நல்ல வேலை அல்ல.

கல்மண்டபம்
ஓசிடி (விடாமல் வரும் எண்ணமும், அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் சடங்கும்) என்றால் மட்டும் "எந்த முறையும் சரிதான்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. அங்கே சான்று வலுவாக இருப்பது ஈஆர்பி எனப்படும் எதிர்கொள்ளல் பயிற்சிக்கு. பயங்களை 0 முதல் 100 வரை ஏணியாக அடுக்கி, நடுப்படிகளில் தொடங்கி, கதவுக் கைப்பிடியைத் தொட்டபின் கை கழுவாமல் இருக்கப் பழகுவது. தெரபிஸ்ட் இரக்கப்பட்டு "ஒன்றும் ஆகாது" என்று ஒவ்வொரு முறையும் உறுதி சொன்னால், அந்த உறுதிமொழியே புதிய சடங்காகிவிடும். அன்பான பேச்சு கெடுதல் செய்யும் இடம் இது.

மழைக்குருவி
நன்றி. ஒத்துவரவில்லை என்று தோன்றினால் உடனே மாறிவிடலாமா?

ஏட்டுச்சுவடி
முதலில் அவரிடமே சொல்லுங்கள். உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் தெரபி உறவை மூன்றாகப் பிரித்தார்: இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. உங்களுக்கு இடறுவது எது என்று பாருங்கள். "உங்களோடு பேசப் பிடிக்கிறது, ஆனால் இந்தத் தாள் எதற்கென்று புரியவில்லை" என்றால் அது வேலையில் உள்ள சிக்கல், ஒரே உரையாடலில் சரியாகலாம். விரிசலைப் பேசித் தீர்த்த செஷனுக்குப் பிறகு உறவு முன்னைவிட உறுதிப்படுவதும் உண்டு. நீங்கள் சொன்னதும் அவர் தற்காத்துக்கொள்கிறாரா, ஆர்வத்தோடு மேலும் கேட்கிறாரா என்று கவனியுங்கள். தற்காத்துக்கொண்டே இருந்தால் மாறலாம்.

நீர்க்கோடு
இதோடு ஒன்று. தற்கொலை எண்ணம் என்று சொன்ன நொடியில் எந்த முறைக்காரரும் தன் வழக்கமான பாணியை நிறுத்திவிட்டு நேரடியாகக் கேட்கவேண்டும்: எவ்வளவு நாளாக, திட்டம் இருக்கிறதா, கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, இன்றிரவு யார் கூட இருப்பார்கள். எழுத்தில் ஒரு பாதுகாப்புத் திட்டத்தோடு அனுப்பவேண்டும். இதைத் தவிர்ப்பவரிடம் தொடரவேண்டாம்.