பேயைப் பற்றிக் கேட்டால் நிலத்தைச் சொல்கிறார்கள்: கடலூர், புதுச்சேரி நீண்ட நேர்காணல் அனுபவங்கள்

முதுநகர்வாசி:

வணக்கம். நம் பக்கத்துப் பெரியவர்களை உட்கார வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். அமானுஷ்யம், தத்துவம், அரசியல் என்று தலைப்பைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டுதான் நாம் போகிறோம். பேசுகிறவர்களிடம் அது அப்படிப் பிரிந்து இருப்பதில்லை. பேயைப் பற்றிக் கேட்டால் நிலத்தைச் சொல்கிறார்கள். ஓட்டைப் பற்றிக் கேட்டால் செத்துப்போன தாத்தா வந்துவிடுகிறார். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

தேவனாம்பட்டினத்தில் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார், வலை பழுது பார்க்கிறார். இந்தக் கரையில் நிதானமாகப் பேச ஆள் வேண்டுமென்றால் மீன்பிடித் தடைக்காலம்தான் சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், பேச்சுக்கு ஆள் கிடைக்கும். சில்வர் பீச் கூட்டம் சேருகிற சாயங்காலத்தை விட்டுவிட்டுக் காலையிலேயே போய் உட்கார்ந்தேன்.

நான் கேட்கப் போனது சுனாமிக்குப் பிறகு கேட்ட சத்தங்களைப் பற்றி. ராத்திரியில் கரையிலிருந்து பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள் என்று அந்தச் சமயத்தில் மீனவ ஊர்களில் பேச்சு இருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள், பெண்களும் குழந்தைகளும் அதிகம்.

முதல் அரை மணி நேரம் அவர் சொன்னது எல்லோரிடமும் சொன்ன கதை. தண்ணீர் எப்படி வந்தது, எந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டார், யாரை இழுத்துப் போட்டார். டிவிக்காரர்களுக்குச் சொன்னது, தொண்டு நிறுவனத்துக்குச் சொன்னது, பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னது. வார்த்தைகூட மாறாது. கையில் ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. பதிவில் இப்போதும் கேட்கலாம், நூலைக் கத்தியால் அறுக்கும் சின்னச் சத்தம் சீராக வந்துகொண்டே இருக்கும். இரண்டாவது மணி நேரத்தில் ஓரிடத்தில் அந்தச் சத்தம் நின்றுபோகிறது. அங்கேதான் சொல்ல ஆரம்பித்தார்.

“சத்தம் கேட்டுச்சு தம்பி. இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். எங்க ஊட்டுக்காரிக்கும் கேட்டுச்சு. பயமா இருந்துச்சான்னு கேக்குற. பயமெல்லாம் இல்ல. யார் புள்ளன்னு தெரிஞ்சாத்தான பதில் குரல் குடுக்க முடியும்?”

அதற்கப்புறம் நான் கேள்வியே கேட்கவில்லை. அவசர அவசரமாக ஒரே குழியில் புதைத்தது, பால் ஊற்றாமல் விட்டது, கருமாதிக்கு ஆளே மிஞ்சாத குடும்பங்கள், எல்லாம் வந்தது. கடலை விட்டுத் தள்ளிக் கட்டிக்கொடுத்த வீடுகளைப் பற்றிச் சொன்னார். எழுந்ததும் வாசலில் நின்று தண்ணீர் நிறத்தையும் காற்றையும் பார்த்துத்தான் அன்றைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம், அந்த வீட்டிலிருந்து பார்த்தால் எதிர் வீட்டுச் சுவர்தான் தெரிகிறதாம்.

அங்கிருந்து சுருக்குமடி வலைக்குப் போய்விட்டார். கூப்பிடும் சத்தத்துக்கும் சுருக்குமடிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி அள்ளும் பெரிய வலை, தமிழ்நாடு அரசு 2000இல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிபந்தனையோடு அனுமதி தந்தது: திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, 12 கடல் மைலுக்கு அப்பால். காலையில் புறப்பட்டு அந்தத் தூரம் போய், மடியை வளைத்து, மாலைக்குள் திரும்புவது எந்தப் படகால் முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். உடனே எதிர்த்தரப்பு நியாயத்தையும் அவரே எடுத்துப் பேசினார்.

“எங்க ஊர்ல பாதி ஊட்டுச் சோறு அந்த வலையில இருக்கு. பக்கத்து ஊர்ல சின்ன போட்டு வெச்சிருக்கிறவனுக்கு அந்த வலை இல்லன்னாத்தான் சோறு. ரெண்டும் நெசம்தான் தம்பி. அன்னிக்கு அந்தச் சத்தம் கேட்டப்ப ரெண்டு ஊரும் ஒண்ணாப் படுத்துக் கெடந்தோம். இன்னிக்கு நடுக்கடல்ல அடிச்சிக்கிறோம்.”

சம்பந்தம் அதுதான். இதில் கூப்பிடும் சத்தத்தை மட்டும் வெட்டி எடுத்து மூன்று நிமிடத்துக்கு ‘சுனாமிப் பேய்’ என்று போட்டால் பார்க்க ஆள் வருவார்கள். அவர் சொன்னதற்கு அது துரோகம் என்று நினைக்கிறேன். முழுப் பதிவாகவே வைத்திருக்கிறேன்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து:

அண்ணா, எனக்கு வடலூரில் இதேதான் நடந்தது.

பார்வதிபுரத்தில் ஓர் ஆயா. முந்திரிக்கொட்டை உடைப்பவர், கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். நான் வள்ளலாரின் கடைசி நாளைப் பற்றிக் கேட்கப் போனேன். உங்களுக்குத் தெரிந்ததுதான்: 1874 ஜனவரி 30, தைப்பூசம் ஒட்டி, மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், அப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. பக்தர்கள் மட்டும் சொல்வதில்லை இதை. 1906இல் வெள்ளைக்கார அரசாங்கம் வெளியிட்ட தென்னாற்காடு மாவட்ட கெசட்டியரே, அறைக்குள் போனார், பிறகு காணப்படவில்லை என்று எழுதி வைத்திருக்கிறது. உடல் ஒளியானது என்பது அவர் வழி நடக்கும் சன்மார்க்கத்தாரின் நம்பிக்கை. வேறு விதமாகச் சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. ஆயா எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

“அய்யா எங்க போனாருன்னு கேக்குற. எங்க போனாரு? தர்மசாலையில அடுப்பு எரியுதா இல்லியா? போய்ப் பாத்துட்டு வந்து பேசு.”

தர்மசாலையில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு. அன்று முதல் அணையாமல் எரிகிறது, யார் போனாலும் சாப்பாடு. போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம்தான் ஆயா மனம் திறந்தார். என்னிடம் தத்துவம் பேசிய பேராசிரியர்கள் யாரும் ஜீவகாருண்யத்தை இத்தனை நறுக்கென்று சொன்னதில்லை. பசித்தவனிடம் சாமி எங்கே இருக்கிறது என்று கேட்காதே, இலை போட்டுவிட்டுக் கேள் என்றார்.

அப்புறம் பேச்சு பெருவெளிக்குத் திரும்பியது. ஞானசபைக்கு முன்னால் இருக்கும் அந்தத் திடல் பார்வதிபுரத்து மக்கள் எழுதிக் கொடுத்த நிலம், 80 காணி என்பார்கள். தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கி ஜோதி காட்டும்போது லட்சக்கணக்கான ஜனம் அங்கே நின்றுதான் பார்க்கிறது. அங்கே வள்ளலார் பன்னாட்டு மையம் கட்ட 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஏப்ரலில் ஊர் மக்கள் கட்டடத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் இறங்கிப் போராடினார்கள். ஆயாவும் போயிருக்கிறார். “ஜனம் நிக்கிறதுக்குக் குடுத்த எடம் அது. காலியா இருக்குதுன்னு அவங்களுக்குத் தோணுது. எங்க கண்ணுக்கு அது ரொம்பியிருக்கு” என்றார்.

அவர் மகன் அதே திண்ணையில் இருந்து மறுத்தார். மையம் வந்தால் வெளியூர்க்காரர்கள் வருவார்கள், நாலு பேருக்குப் பிழைப்பு கிடைக்கும் என்பது அவர் வாதம். அரசும் வள்ளலார் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோகத்தான் கட்டுகிறோம் என்கிறது. அம்மாவும் பிள்ளையும் அரை மணி நேரம் வாக்குவாதம் செய்தார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு வரியும் வெட்டவில்லை. என் பதிவுகளிலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

லாஸ்பேட்டை, மனநல ஆலோசகர்:

ஒரு மாற்றுக் கருத்து. இழப்புக்குப் பிறகு போனவரின் குரல் கேட்பது, உருவம் தெரிவது உலகம் முழுக்க நடப்பது, அது நோயும் இல்லை. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வேலை செய்தவர்களிடமிருந்து இப்படி நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் கேட்கிறவர் ‘பேய்’ என்ற எண்ணத்தோடு போனால், பேசுகிறவரும் அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்வார். அதைவிட முக்கியம், கிளறிவிட்டுப் போனால் அன்று ராத்திரி அந்த வீட்டில் யார் பக்கத்தில் இருப்பார்கள் என்பது. பதிவு முடிந்ததும் மைக்கைச் சுருட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். சாதாரணமாக இன்னும் ஒரு மணி நேரம் இருங்கள், மறுநாள் ஒரு போன் போடுங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

மேலே சொன்னதை முழுதாக ஏற்கிறேன். என் அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி.

எங்கள் தெருவில் ஒரு பழைய சொல்தா இருக்கிறார். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து அல்ஜீரியா வரை போனவர், பென்ஷன் வருகிறது. வெள்ளைக்காரத் தெருக்களில் எந்தெந்த வீட்டில் ஆவி என்று கேட்டேன். அதெல்லாம் இப்போது ஓட்டல்காரர்கள் கட்டிவிட்டது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, கல் விழுந்த கதையைக் கேட்டிருக்கிறாயா என்றார்.

அது எழுத்தில் இருக்கும் சம்பவம். 1910 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்த அரவிந்தர் 1921இல் ரூ பிரான்சுவா மார்த்தேனில் ஒரு வீட்டில் இருந்தார். அந்த டிசம்பரில் வீட்டின் மேல் கல் விழ ஆரம்பித்தது. நாளாக நாளாக உள்ளேயே, மூடிய அறைகளிலும் விழுந்தது. வேலைக்கார பையன் ஒருவனுக்கு அடிபட்டது. போலீஸ் வந்து பார்த்தும் எறிகிறவர் யாரென்று தெரியவில்லை. பையனை வேறிடத்துக்கு அனுப்பியதும் நின்றது. வேலையை விட்டு நிறுத்தப்பட்ட சமையற்காரர் ஏவல் வைத்தார் என்றும், பிறகு அவரே நோயில் விழுந்து, மனைவி வந்து கெஞ்ச, அரவிந்தர் மன்னித்தார் என்றும் சொல்லப்படுகிறது. அரவிந்தரும் ஆசிரமத்து அன்னையும் இதைப் பிற்பாடு விவரித்திருக்கிறார்கள்.

நான் அமானுஷ்யப் பக்கமே யோசித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் கேட்டார்: “எல்லாரும் கல்லப் பத்திப் பேசுறீங்க. அந்தச் சமையக்காரன எதுக்கு நிறுத்துனாங்க, அவன் ஊட்ல அந்த மாசம் என்ன சாப்பிட்டாங்கன்னு யாரு எழுதி வெச்சா?” நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கதையில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

அப்படியே புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1954க்குப் போனார். அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு சேர, 8 பேர் எதிராக. “எங்கப்பாவுக்குச் சம்மதந்தான். ஆனா அவர யாரும் கேக்கல” என்றார். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைந்த பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இவர் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் ஒருவர் பாரிஸ் தேர்தலுக்கு ஓட்டுப் போடுகிறார், இன்னொருவர் முத்தியால்பேட்டை எம்.எல்.ஏ.வுக்கு. சாகும்போது நான் யார் என்று கேட்டுக்கொள்வேனா, எந்த ஊர் என்று கேட்டுக்கொள்வேனா என்று அவராகவே கேட்டுக்கொண்டார். பதிலை எதிர்பார்க்கவில்லை.

டீ குடித்து, மின்விசிறியைப் போட்டு (பதிவுக்காக அதுவரை நிறுத்தி வைத்திருந்தோம், பாவம் வேர்த்துக்கொண்டே பேசினார்), நான் எழுந்திருக்கப் போகும்போதுதான் தன்னுடையதைச் சொன்னார். அல்ஜீரியாவில் இரவுக் காவலில் நிற்கும்போது அம்மா வீட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டாராம். தெளிவாக, முதுகுக்குப் பின்னால். வெகு நாள் கழித்து அம்மா இறந்த செய்தி கடிதத்தில் வந்தது. அதே ராத்திரிதானா என்று கேட்டேன்.

“கணக்குப் பாக்கல. பாத்து, ஒத்துப் போகலன்னா என்ன பண்றது? ஒத்துப் போனாலும் என்ன பண்றது?”

இதை வெளியில் போடலாமா என்று இன்னும் அவரிடம் கேட்டு முடிக்கவில்லை.

முதுநகர்வாசி:

முத்தியால்பேட்டை நண்பரே, கேட்டுவிட்டே போடுங்கள். நான் தேவனாம்பட்டினம் பெரியவருக்கு முழுப் பதிவையும் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். அவர் மனைவியும் உட்கார்ந்து கேட்டார். ஒரு பிள்ளையின் பெயர் வரும் இடத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார், அந்தப் பிள்ளையின் தாய் இன்னும் அதே தெருவில் இருக்கிறாராம். எடுத்துவிட்டேன். சுருக்குமடிப் பகுதி ஊரில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாமே என்று நானே கேட்டேன். “நான் சொன்னதுதான, இருக்கட்டும்” என்றார்.

லாஸ்பேட்டை நண்பர் சொன்ன மறுநாள் போனை நான் இனி எல்லோருக்கும் செய்யப் போகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நெய்வேலியைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்களில் யாராவது இப்படி நீளமாகப் பதிவு செய்திருக்கிறீர்களா? 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்த நெல்லில் இயந்திரம் இறங்கியதைப் பற்றி நிறையப் பேட்டிகள் வந்தன, எல்லாம் இழப்பீட்டோடு நின்றுவிட்டன. பழைய சுரங்கப் பகுதிகளிலிருந்து கிளம்பியவர்கள் குலசாமியை எப்படிக் கொண்டுவந்தார்கள், கொண்டுவர முடியாதவர்கள் இப்போது எங்கே போய்ப் பொங்கல் வைக்கிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். பதிவுக் கருவி இல்லையென்றால் என்னுடையதைத் தருகிறேன், கூடவும் வருகிறேன்.