ஷுனிச்சி அமாரியை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

வெண்பலகை:
எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நியூரல் நெட்வொர்க் (மூளை நரம்புகளைப் பார்த்து அமைத்த, எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி மாதிரி) ஆய்வுக்காக 2024-ல் ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் இயற்பியல் நோபல் அறிவித்தபோது, ஜப்பானின் அமாரி இதையெல்லாம் முன்பே செய்துவிட்டார் என்று பலர் எழுதினார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை? அவர் கணிதக்காரரா, ஏஐ ஆளா? நிகழ்தகவும் கொஞ்சம் டிஃபரென்ஷியல் ஜியாமெட்ரியும் தெரியும். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

இரவுப்பறவை:
உண்மைதான். நினைவில் வைக்கும் நெட்வொர்க் பற்றிய ஹாப்ஃபீல்டின் கட்டுரை 1982. அதே விஷயத்தில் அமாரியின் கட்டுரை 1972. பிழையைப் பின்னோக்கி அனுப்பி நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்கும் பேக்ப்ராபகேஷன் பிரபலமானது 1986-ல். பல அடுக்கு நெட்வொர்க்கை கிரேடியன்ட் (பிழை எந்தப் பக்கம் குறையும் என்று காட்டும் சரிவு) வழியாகப் பயிற்றுவிப்பதை அமாரி 1967-லேயே எழுதிவிட்டார். நோபல் அவருக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

சுண்ணக்கட்டி:
கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். அமாரியைப் பதினைந்து வருஷமாகப் படித்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இரவுப்பறவை சொன்ன வருஷங்கள் சரி. ஆனால் அமாரி செய்ததும் பிறகு வந்தவர்கள் செய்ததும் ஒன்றேதான் என்று நினைத்துவிட வேண்டாம். 1967 கட்டுரையில் இருப்பது, ஒவ்வொரு எடுத்துக்காட்டாகப் பார்த்து எடைகளை (நெட்வொர்க்கின் இணைப்புகளுக்குரிய எண்களை) சிறிது சிறிதாகத் திருத்தும் முறை. இன்று எல்லோரும் பயன்படுத்தும் ஸ்டொகாஸ்டிக் கிரேடியன்ட் டிசென்ட் அதுதான். பிழையை அடுக்கு அடுக்காகப் பின்னோக்கிச் சிக்கனமாகக் கணக்கிடும் உத்தி, அதாவது பேக்ப்ராபகேஷன், வேறு. அதேபோல 1972 கட்டுரையில் நெட்வொர்க் வடிவங்களை நினைவில் வைக்கிறது, அவற்றின் வரிசையையும் திரும்பச் சொல்கிறது. இந்த நினைவாற்றலை ஆற்றல் சார்பாக (நெட்வொர்க்கின் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் ஆற்றல் எண்) காட்டி இயற்பியலாளர்களை உள்ளே இழுத்தது ஹாப்ஃபீல்டு. இரண்டு பேருக்கும் உரியதை அவரவர்க்குக் கொடுப்போம்.

அமாரி பிறந்தது 1936, டோக்கியோ. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பொறியியல் படித்து, 1963-ல் டாக்டர் பட்டம் வாங்கி, கியூஷு பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போனார். பிறகு டோக்கியோவுக்கே திரும்பினார். நியூரல் நெட்வொர்க் என்றாலே ஆராய்ச்சியாளர்கள் ஒதுங்கிப்போன எழுபதுகளில்தான் அவருடைய நல்ல கட்டுரைகள் பல வந்தன. எனக்கு அவர்மேல் மரியாதை கூடிய இடம் இது.

சரி, கணிதக்காரரா என்ற கேள்விக்கு வருகிறேன். வகுப்பில் கரும்பலகையில் இரண்டு மணிவளைவு வரைவேன். இரண்டின் சராசரிக்கும் வித்தியாசம் 1. திட்டவிலக்கம் (வளைவின் அகலம்) 10 என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கிடக்கும், பிரித்துச் சொல்லவே முடியாது. திட்டவிலக்கம் 0.1 என்றால் இரண்டும் இரண்டு தனி ஊசி. சராசரியில் அதே 1, ஆனால் தூரம் ஒன்றல்ல. அப்படியானால் இந்த வளைவுகள் எல்லாம் வாழும் வெளியை எப்படி அளப்பது? ஃபிஷர் தகவலையே (ஒரு தரவு, வளைவின் சராசரி போன்ற எண்களை எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது என்ற அளவு) அளவுகோலாக வைக்கலாம் என்று 1945-ல் கல்கத்தாவில் சி. ஆர். ராவ் எழுதினார், இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். அந்த அளவுகோலில் மணிவளைவுகளின் வெளி தட்டையாக இருப்பதில்லை. கோழிக்கொண்டைப் பூவின் ஓரம்போல எதிர்வளைவு உள்ள வெளி.

அமாரி இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தகவல் வடிவியல் என்று ஒரு துறையாகவே வளர்த்தார். 1985-ல் புள்ளியியலுக்கான டிஃபரென்ஷியல் ஜியாமெட்ரி பற்றித் தனி நூல் எழுதினார். அப்புறம் 1998-ல் நேச்சுரல் கிரேடியன்ட் கட்டுரை. வெளி வளைந்திருக்கும்போது, தட்டைத் தரை என்று நினைத்து இறங்கினால் செங்குத்தான பாதை தப்பும். ஃபிஷர் தகவலை எழுதிய அணியின் நேர்மாறால் பெருக்கிவிட்டு இறங்கு என்கிறார். சிக்கல் என்னவென்றால், பத்து லட்சம் எடைகள் இருந்தால் அந்த அணியில் ஒரு லட்சம் கோடி உறுப்புகள். அதனால்தான் இன்றைக்கும் தோராயங்களோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

பதவி, விருதெல்லாம் சுருக்கமாக: 2003 முதல் 2008 வரை ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் மூளை அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். 2019-ல் ஜப்பானின் பண்பாட்டு விருது, 2025-ல் கியோட்டோ பரிசு.

தம்பி, 1998 கட்டுரையில் தொடங்குங்கள். அதற்கு முன் நான் சொன்ன மணிவளைவு தூரத்தைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். டிகிரி இரண்டு வாங்கிய பிறகுதான் நான் போட்டுப் பார்த்தேன். நீங்கள் அவ்வளவு தாமதிக்க வேண்டாம்.

வெண்பலகை:
நன்றி சார். நேற்று இரவு போட்டேன். சராசரி வித்தியாசம் 1. திட்டவிலக்கம் 10-க்கு தூரம் 0.10, 1-க்கு 0.98 வந்தது. 0.1-க்கு 10 வரும் என்று நினைத்தேன், 5.59 தான் வருகிறது. எங்கே தப்பு?

சுண்ணக்கட்டி:
தப்பே இல்லை. 10 என்பது திட்டவிலக்கத்தை 0.1-லேயே பிடித்துக்கொண்டு நேராக நடந்தால் வரும் தூரம். மிகக் குறுகிய பாதை அப்படிப் போகாது. வளைவை முதலில் அகலமாக்கிக்கொண்டு, நடுவில் திட்டவிலக்கம் ஏறக்குறைய 0.37 வரை ஏறி, நகர்ந்து, மறுபடி குறுகி இறங்கும். அந்தப் பாதையைத் தாளில் வரையுங்கள், அரைநீள்வட்டத்தின் ஒரு துண்டு கிடைக்கும். சராசரி அச்சை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்துவிட்டு வரைந்தால் வட்டத்தின் துண்டு.