ஃபாலோ தி குயின்: ரெண்டாவது ராணி விழுந்தா பழைய வைல்டு என்ன ஆகும்?

புளியங்கொட்டை:
பொங்கல் லீவுக்கு எல்லாரும் ஊருக்கு வந்திருக்கோம், அமெரிக்காவுல இருந்து வந்த பெரியப்பா பையன் ஃபாலோ தி குயின்னு ஒரு போக்கர் சொல்லிக் குடுத்தாரு. ஏழு பேர், காசு கிடையாது, ஆளுக்கு 50 புளியங்கொட்டை. ராணி எப்பவும் வைல்டு, அதாவது எந்த சீட்டாவும் வச்சுக்கலாம், திறந்து போடுறப்ப ராணி விழுந்தா அதுக்கு அடுத்து விழுற நம்பரும் வைல்டு, அவ்ளோதான் சொன்னாரு, நம்ம ரம்மி வெட்டு ஜோக்கர் மாதிரிதானேன்னு உக்காந்துட்டோம்.

மூணாவது ஓப்பன் சீட்டுல சித்திக்கு ராணி, அடுத்து மாமாவுக்கு 8. அத்தானுக்கு வெளிய ரெண்டு ராஜா தெரியுது, கவுத்து வச்ச ரெண்டும் 8, அதனால நாலு ராஜா ஆச்சுன்னு கொட்டைய அள்ளி அள்ளிப் போட்டாரு. நாலாவது ஓப்பன்ல எனக்கு ராணி, எனக்கு அடுத்த ஆளுக்கு 5. எனக்கு உள்ள ஒரு 5, வெளிய ரெண்டு ஜாக்கி, கூட இந்த ராணி, ஆக நாலு ஜாக்கி. காட்டுறப்ப அத்தான், நான் போட்டப்ப 8 வைல்டுதானே, நடுவுல எப்படி மாறும்ங்கிறாரு. நடுவுல சேந்த கொட்டைய எல்லாம் டபராவுல கொட்டி மூடி வச்சிருக்கோம். யாருக்கு சேரணும்?

செவன்_ஸ்டட்:
உங்களுக்குத்தான். புது ராணி திறந்து விழுந்தா பழைய நம்பர் செத்துடும், ராணியும் 5ம் மட்டும்தான் வைல்டு. அத்தான் கையில இருக்கிறது ராஜா ஜோடி, 8 ஜோடி, டூ பேர் அவ்ளோதான். அவர் ஆதங்கம் புரியுது, ஆனா இந்த ஆட்டத்தோட உயிரே அந்த மாத்தம்தான், அது வேண்டாம்னா வைல்டு இல்லாத சாதாரண ஏழு சீட்டு ஸ்டட் போக்கர் ஆடிடலாம்.

முழுசா சொல்லிடுறேன். முதல்ல ரெண்டு கவுத்து ஒண்ணு திறந்து, ஒரு பெட் (பந்தயம்). அப்புறம் ஒவ்வொண்ணா மூணு திறந்த சீட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெட். ஏழாவது சீட்டு கவுத்து, கடைசி பெட், ஏழுல நல்ல அஞ்சு எடுத்துக்கணும். கவுத்து வர்ற ராணி வைல்டுதான் ஆனா அடுத்த சீட்டை மாத்தாது. ஒருத்தர் பேக் ஆகிட்டா, அதாவது அந்த ஆட்டத்துல இருந்து விலகிட்டா, அவருக்கு சீட்டு கிடையாது, ஆட்டத்துல இருக்கிற அடுத்த ஆளுக்கு விழுறதுதான் கணக்கு. ராணிக்கு அடுத்ததும் ராணியே விழுந்தா அதுக்கு அடுத்ததைப் பாருங்க. ஏழு பேருக்கு மேல சேக்காதீங்க, ஏழு பேருக்கே 49 சீட்டு போயிடும்.

டீலர்_மாமா:
அவர் சொல்றது சரி, ஒண்ணு விட்டுட்டாரு. கடைசி ஓப்பன் சீட்டே ராணியா விழுந்து அதுக்குப் பின்னாடி எதுவும் திறக்கலைன்னா? சில வீட்டுல ராணி மட்டும் வைல்டு, பழைய நம்பர் போச்சு. சில வீட்டுல பழையது அப்படியே நிக்கும். நாங்க ஆடுறது ரெண்டாவது மாதிரி. எதுவா இருந்தாலும் சீட்டு போடுறதுக்கு முன்னாடி டீலர் வாய்விட்டு சொல்லிடணும், உங்க வீட்டுல சண்டை வந்ததே அத சொல்லாததாலதான். ஒரே நம்பர் அஞ்சு வந்தா ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே ஜாதியில வரிசையா அஞ்சு சீட்டு) மேலயா கீழயாங்கிறதையும் சேத்து சொல்லிடுங்க, பெரும்பாலும் மேலதான் வைப்பாங்க.

புளியங்கொட்டை:
ரொம்ப நன்றி. சித்தி ஒண்ணு கேக்குறாங்க, வைல்டு இருக்கிறப்ப மூணு ஒரே நம்பர் சும்மா சும்மா வருதே, அப்போ டூ பேரை அதுக்கு மேல தூக்கி வச்சா என்ன?

கணக்கு_வாத்தி:
சித்தி கேட்டது அருமையான கேள்வி. 52 சீட்டோட ஒரே ஒரு ஜோக்கர் சேத்து அஞ்சு சீட்டு ஆட்டமா எடுத்துக்கோங்க. டூ பேர் 1,23,552 விதமா வரும், மூணு ஒரே நம்பர் 1,37,280 விதமா வரும், அதாவது ஜோக்கர் வந்ததும் டூ பேர்தான் அபூர்வம் ஆயிடுது. சரின்னு டூ பேரை மேல தூக்கினா என்ன ஆகும், கையில ஒரு ஜோடியும் ஜோக்கரும் வச்சிருக்கிற எல்லாரும் ஜோக்கரை இன்னொரு ஜோடி ஆக்கி டூ பேர்னு சொல்லிடுவாங்க. உடனே டூ பேர் 2,05,920, மூணு ஒரே நம்பர் வெறும் 54,912. திரும்ப தலைகீழ். எப்படி வரிசைப்படுத்தினாலும் இந்த ரெண்டும் நேராகாது, அதனால பழைய வரிசையே இருக்கட்டும்.

உங்க ஆட்டத்துல ராணி நாலு, கூட இன்னொரு நம்பர் நாலு, 52ல 8 வைல்டு. ஏழு சீட்டு வாங்குற ஆளுக்கு சராசரியா ஒரு வைல்டாவது இருக்கும். டூ பேரை நம்பி கடைசி வரைக்கும் போகாதீங்க, மூணு ஒரே நம்பரே சந்தேகம்தான்.

புளியங்கொட்டை:
எல்லாத்தையும் அத்தானுக்கு சத்தமா படிச்சுக் காட்டினேன், சரின்னு டபராவை என் பக்கம் தள்ளிட்டாரு. இன்னைக்கு ராத்திரி அவர்தான் டீலர், கடைசி ராணிக்கு பழைய நம்பர் நிக்கும்னு இப்பவே சொல்லிட்டாரு.