ஒருநாள் சிரமதானத்துக்குத் திரண்டு வரும் பிள்ளைகள் சனிக்கிழமை வகுப்புக்கு ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: அலஸ்தோட்டம் டீச்சர்

வணக்கம். திருகோணமலைப் பக்கம் இருப்பவர்களிடம்தான் முக்கியமாகக் கேட்கிறேன். வெளியூரில் இப்படியான வேலை செய்பவர்களும் சொல்லுங்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை. நிலாவெளி வீதிப் பக்கம் எங்கள் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை காலையில் தரம் 3, 4 பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு வைக்கிறோம். காசு வாங்குவதில்லை. அப்பா கடலுக்குப் போகிற, அம்மா ஹோட்டலில் அறை துப்புரவாக்கப் போகிற வீட்டுப் பிள்ளைகள்தான் கூட. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான ரியூஷனுக்கு அனுப்ப அந்த வீடுகளில் வழியில்லை.

சொல்லிக்கொடுக்க, உயர்தரம் எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டோம். பரீட்சை முடிந்து பெறுபேறு வர மாதக்கணக்காகும். பல்கலைக்கழக அனுமதி வர அதற்குமேலும் மாதக்கணக்கு. படிப்பும் தெம்பும் உள்ள இத்தனை பேர் ஊரிலேயே இருக்கிற காலம் அது.

இந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல வரவில்லை. செப்டெம்பரில் கடற்கரை துப்புரவுச் சிரமதானம் என்றால் உப்புவெளிக் கரை நிறைந்துவிடும். நானும் போயிருக்கிறேன். மணலுக்குள் புதைந்து கிடக்கும் நைலோன் வலையை இரண்டு பேர் குந்தியிருந்து கையால் தோண்டி இழுப்பார்கள். யோகட் கப், லஞ்ச் சீட், சம்பூப் பக்கற் எல்லாம் உரப்பை உரப்பையாகக் கட்டுவார்கள். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும் இரவுகளில் தோரணம் கட்டவும் தாகசாந்தி கொடுக்கவும் விடிய விடிய நிற்பவர்களும் இவர்கள்தான். சோம்பேறிப் பிள்ளைகள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு நிற்பேன்.

ஆனால் சனி வகுப்புக்கு முதல் கிழமை ஒரு கூட்டம், அடுத்த கிழமை பாதி. அதற்குப் பிறகு யார் வருவார், யார் வரமாட்டார் என்று கதவடியில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இதனால் அடிபடுவது சின்னதுகள். தரம் 4 பையன் ஒருவன் இருக்கிறான். எழுத்துத் தெரியும், கூட்டி வாசிக்க வராது. விரலை வைத்து "ப... ட... கு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பான். ஒரு சனி பக்கத்தில் இருந்த அண்ணா அவனை இரண்டு பக்கம் வாசிக்க வைத்துவிட்டார். அடுத்த சனி அந்த அண்ணா இல்லை. புதிதாக வந்த அக்காவுக்கு இவன் எங்கே நிற்கிறான் என்று தெரியாது, முதல் பக்கத்தைத் திறந்தார். அதற்கடுத்த சனி இன்னொருவர், மறுபடியும் முதல் பக்கம். "டீச்சர், இந்தக் கதை எனக்குப் பாடம்" என்று புத்தகத்தை மூடிவிட்டான். அவன் சொன்னது சரிதானே.

எங்கள் நிர்வாகக் குழுவில் சிலர் சான்றிதழ் கொடுப்போம் என்கிறார்கள். ரீசேட் அடிப்போம் என்று சிலர். பஸ் காசு கொடுத்தால் அப்புறம் அது தொண்டா என்று கேட்பவர்களும் உண்டு. உங்கள் ஊரில் பிள்ளைகளை எப்படி நிலைக்க வைத்தீர்கள்? அனுபவத்தில் கண்டதைச் சொல்லுங்கள்.

பதில் 1: கிண்ணியாக்காரன்

டீச்சர், நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். 2017 தொடக்கத்தில் கிண்ணியாவை டெங்கு என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த வருடம் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். எங்கள் ஊரில் மையித்து (சாவு) வீடுகளுக்குப் போய் வந்து அடுத்த ஒழுங்கையில் மருந்துப் புகை அடித்தோம்.

அப்போது பெரிய பெரிய சிரமதானங்கள் நடந்தன. நல்ல விஷயம், ஊரும் பார்க்கத் துப்புரவாகிவிடும். ஆனால் நுளம்பை நிறுத்த அது மட்டும் காணாது. டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கவிழ்த்தாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். காய்ந்து கிடந்தாலும் பல மாதம் சாகாது, மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பொரித்துக் குடம்பியாகி நுளம்பாகப் பறக்க ஒரு கிழமையிலிருந்து பத்து நாள். ஆகவே கிழமைக்கு ஒருமுறை ஆள் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். போகிறவர் தேங்காய்த் தும்பால் வாளியின் உட்பக்கத்தை உரசிக் கழுவிக் காட்ட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஆயிரம் பேர் வந்தாலும் இந்த வேலை நடக்காது. ஒரே ஆள் கிழமைக்கிழமை வந்தால் நடக்கும்.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், ஒரு ஒழுங்கைக்கு இரண்டு பிள்ளைகள் என்று பிரித்துக் கொடுத்துவிட்டோம். எந்த நாள், எந்த நேரம் போவது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். கையில் ஒரு கொப்பி. எந்த வீட்டில் பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டில் தண்ணீர் நிற்கும், எந்த வளவில் பழைய டயர் கிடக்கிறது, எந்தக் கிணற்றுக்குக் கப்பி மீன் விட வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். நான் போய்ப் பார்க்கும்போது எனக்கே தெரியாததை அந்தப் பிள்ளைகள் எனக்குச் சொன்னார்கள். உயர்தரம் சரிவராத ஒரு பொடியன் இருந்தான், வீட்டிலும் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தவன். அவன் காய்ச்சலில் போகாத கிழமை, அந்த ஒழுங்கை உம்மா ஒருவர் "தம்பி ஏன் வரல்ல" என்று மகனை அனுப்பி விசாரித்தார். அதற்குப் பிறகு அவன் ஒரு கிழமையும் விட்டதில்லை.

உங்கள் வகுப்பில் ஆளுக்கு மூன்று பிள்ளைகளைக் கொடுத்துவிடுங்கள் டீச்சர். "இன்றைக்கு வந்தவர் யாராவது பாருங்கள்" என்றால் யாருக்கும் யாரும் சொந்தமில்லை. பிள்ளைக்கு ஒரு கொப்பி வைத்து, எந்தப் பக்கத்தில் நிற்கிறான், எந்த எழுத்தில் தடக்குகிறான் என்று எழுதச் சொல்லுங்கள். அந்தப் பையனுக்குக் கதைப் புத்தகம் அலுத்துவிட்டால் மீன் பெயர்களை எழுதிக் கொடுத்துப் பாருங்கள். சூரை, பாரை, கும்பளா, கீரி. வாப்பா கொண்டுவருகிற மீனை வாசிக்காமல் விடுவானா.

சான்றிதழ் தாராளமாகக் கொடுங்கள், வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு அது தேவை. ஆனால் "பங்குபற்றினார்" என்று ஒற்றை வரி வேண்டாம். எத்தனை மாதம் வந்தார், எத்தனை பிள்ளைகளை வாசிக்க வைத்தார் என்று எழுதி ஒப்பம் வையுங்கள்.

சர்வோதயம் என்ற கிராமத் தொண்டு இயக்கம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1958-ல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைப் பின்தங்கிய ஒரு கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதில் தொடங்கியது அது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆரம்பித்த வேலைதான் நாடு முழுக்கப் பரவியது. நம் பிள்ளைகளால் ஒரு வகுப்பை நடத்த முடியாதா?

பதில் 2: சாம்பல்தீவுப் பிள்ளை

டீச்சர், நான் நீங்கள் சொல்கிற அந்த வயதுதான். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்துக்கொண்டிருக்கிறேன். மரியாதைக் குறைவாக எடுக்க வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன்.

எங்களைக் கூப்பிடுவது கதிரை அடுக்க, பிளேன்டீ கொடுக்க, பதாகை பிடிக்க. கூட்டம் தொடங்கினால் நாங்கள் வெளியே நிற்போம். என்ன செய்வது, எப்போது செய்வது என்று உள்ளே முடிவெடுத்துவிட்டு "பிள்ளைகள், இதைச் செய்யுங்கள்" என்பார்கள். ஒரு நாள் செய்வோம், இரண்டு நாள் செய்வோம்.

யாரும் கூப்பிடாமல் நாங்களே செய்ததும் இருக்கிறது. 2023-ல் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவித் திட்டத்தின் பட்டியல் வந்து, பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீடு போட ஓடித் திரிந்த நேரம் நானும் என் சிநேகிதிகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் இருப்போம். ஆச்சிமார் அடையாள அட்டையையும் கரண்ட் பில்லையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வருவார்கள். போனில் நிரப்பி, என்ன எழுதினோம் என்று வாசித்துக் காட்டி, அதன் பிறகுதான் அனுப்புவோம். ஒரு ஆச்சிக்கு மகன் வெளிநாட்டில் என்று யாரோ பதிந்துவிட்டார்கள். மகன் செத்து எத்தனையோ வருடம். அதைத் திருத்தி எழுதும்போது ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தா. அந்த வேலைக்கு எங்களை யாரும் பிடித்து வைக்கத் தேவைப்படவில்லை.

அப்புறம், சனி காலை எங்களில் பலருக்கு ஆங்கில வகுப்பு, கணினி வகுப்பு. மே முதல் செப்டெம்பர் வரை சீசன். பொடியன்கள் உப்புவெளி ஹோட்டல்களில் வேலைக்குப் போவார்கள், சனி ஞாயிறு லீவே கிடைக்காது. வீட்டுக்கு அந்தக் காசு தேவை. எந்த நாள் வசதி என்று எங்களிடம் கேட்டிருந்தால் கிழமை நாளில் பின்னேரம் என்று சொல்லியிருப்போம்.

பதில் 3: மூதூர்த் தாய்

பெண் பிள்ளைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எனக்கு இரண்டு மகள்கள், இரண்டு பேரும் தொண்டு வேலைக்குப் போனவர்கள்.

பிள்ளை வராவிட்டால் ஆர்வமில்லை என்று எடுக்காதீர்கள். அவளுக்கு வீட்டில் "ஓம்" சொல்ல ஆள் வேண்டும். வட்ஸ்அப்பில் செய்தி போட்டால் பிள்ளைக்கு மட்டும்தான் போகும். ஒருமுறை வீட்டு வாசலுக்கு வந்து, நான்தான் பொறுப்பு, இத்தனை மணிக்கு முடியும், இன்னாரோடு திரும்பி வருவாள் என்று தாய் தகப்பனிடம் சொல்லுங்கள். டீச்சர் மாதிரி ஒருவர் வந்து கேட்டால் மறுக்க மனம் வராது.

இன்னொன்று, உங்கள் நிலையத்தின் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? தண்ணீர் வருகிறதா? என் மூத்தவள் ஓரிடத்துக்குப் போகாமல் விட்டது இதனால்தான். என்னிடம் சொல்லவே அவளுக்கு நாளெடுத்தது.

பஸ் காசு கட்டாயம் கொடுங்கள். சம்பளமாக நினைக்க வேண்டாம். கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளையும் தொண்டு செய்ய ஆசைப்படும். பஸ் காசு இல்லையென்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் உங்களிடம் வந்து சேர்வார்கள்.

பதில் 4: உவர்மலை

எல்லாரும் சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஒரு விஷயம் தவிர. ஒருநாள் வேலையைக் குறைவாக நினைக்காதீர்கள். நான் இரத்ததானம் செய்கிறவன். 18 வயதுக்கு மேல், 50 கிலோவுக்கு மேல், உடம்பில் நோயில்லை என்றால் 4 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். இலங்கையில் இரத்த வங்கி நடப்பது காசு வாங்காமல் கொடுக்கிறவர்களால். ஒவ்வொரு சனியும் வர முடியாத பிள்ளை வருடத்தில் மூன்று தடவை ஊசி குத்திக்கொள்ளும். அதுவும் தொண்டுதான். சீசனில் ஹோட்டலில் நிற்கும் பொடியனை இப்படியான வேலைக்குக் கூப்பிடுங்கள், வகுப்பை நிற்கக்கூடியவர்களிடம் கொடுங்கள்.

அலஸ்தோட்டம் டீச்சர்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வாசித்துவிட்டு நேற்று நிர்வாகக் கூட்டத்தில் அப்படியே சொன்னேன். நீண்ட நேரம் வாக்குவாதம் நடந்தது. இளம் பிள்ளைகள் இருவரைக் குழுவில் சேர்த்து, வகுப்பு விஷயத்தில் அவர்கள் சொல்வதே முடிவு என்பதை இரண்டு பேர் கடைசி வரை ஏற்கவில்லை. மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். புத்தக அலுமாரியின் திறப்பும் அந்த இளம் பிள்ளைகள் இருவரிடம்தான் இருக்கும். பஸ் காசுக்கு மாதச் சந்தாவிலிருந்து ஒதுக்குகிறோம்.

மூதூர் அம்மா, தாழ்ப்பாள் இருக்கவில்லை. இன்று தச்சர் வந்து போட்டுவிட்டார். தண்ணீர்க் குழாய்க்கும் ஆள் சொல்லியிருக்கிறேன்.

கிண்ணியா நானா, ஆளுக்கு மூன்று பிள்ளைகள் என்பதை இந்தக் கிழமையே தொடங்குகிறோம். வீடு வீடாகப் போன பிள்ளைகளின் கொப்பியில் என்னென்ன நிரல் போட்டீர்கள் என்று முடிந்தால் எழுதுங்கள், மாரி தொடங்க முன்பு எங்கள் ஒழுங்கைகளுக்கும் அது தேவைப்படும்.

சாம்பல்தீவுப் பிள்ளை, குழுவில் ஒரு இடம் உங்களுக்கு. எந்த நாள் என்று நீங்கள் சொல்லுங்கள். அம்மாவிடம் நானே வந்து கேட்கிறேன்.

சாம்பல்தீவுப் பிள்ளை

வியாழன் பின்னேரம் மூன்றரை, டீச்சர். சின்னதுகள் பள்ளிக்கூடம் விட்டுச் சாப்பிட்டு வர அந்த நேரம் சரி. என்னோடு இரண்டு சிநேகிதிகள் வருகிறார்கள், அவர்கள் வீட்டுக்கும் நீங்கள் வர வேண்டும். ஒருவர் வராவிட்டால் அவருடைய மூன்று பிள்ளைகளை யார் பார்ப்பது என்று முதல் நாளே நாங்கள் பேசி எழுதிக்கொள்கிறோம். பெறுபேறு வந்து யாராவது கம்பஸ் போனால், போக முன்பு தன் இடத்துக்கு ஒரு ஆளைப் பழக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதையும் அதில் எழுதப் போகிறோம். குழு இதற்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.